இந்த அலையில் ஆள் உண்டா?

முள்ளந்துறையில் கடல் நின்று காது கொடுத்தது என்று சொன்னால் பக்கத்துத் துறைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் துறையில் கடல் என்றைக்காவது ஒரு மனுஷர் பேச்சைக் கேட்டதுண்டா என்று திருப்பிக் கேட்டால் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியாது. இங்கே கேட்டது. அதுவும் ஜெயசீலி பேச்சைக் கேட்டது. ஜெயசீலி ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், வள்ளக்காரன் ததேயுஸின் பெண்டாட்டி, இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் ஜெயித்து அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள். முன்பின் தெரியாத ஊர்க்காரனோடு வீட்டிலிருந்தே ஆகாயத்தில் ஏறிப் பேசி, நீ சுகமா நான் சுகம் என்று கேட்டுக்கொள்கிற லைசென்ஸ் அது. குமரிக் கரையில் அதை வாங்கிய முதல் பெண் அவள்தானென்று ஃபாதர் பூசை முடிந்து அறிவிப்பில் வாசித்தார். அது உண்மையா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட சின்ன அறை ஒன்றில் ரேடியோவை வைத்தாள். மாடி இரும்புக் குழாயிலிருந்து, வலை காயப்போடுகிற தென்னையின் உச்சி வரைக்கும் ஆன்டெனா கம்பியை இழுத்துக் கட்டினாள். எர்த் கம்பியை ஈரமண் தட்டும் ஆழத்துக்குத் தானே அடித்து இறக்கினாள். கடற்கரை வீட்டில் இதையெல்லாம் ஒரு தரம் செய்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவன் கடற்கரையைக் கண்டதே இல்லை. நேற்றுப் பளபளத்த பித்தளை இன்றைக்குப் பச்சை பிடித்துக் கிடக்கும், ராத்திரி இறுகியிருந்த திருகு காலையில் இளகிக் கிடக்கும், உப்புக்காற்று நுழையாத சந்து இந்தப் பூமியில் கிடையாது. அதனால் ஆகாயத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் பேட்டரியிலிருந்து தொடங்கி, எர்த்தைப் பார்த்து, கேபிளின் இரண்டு முனையையும் கழற்றித் துடைத்து, கம்பியைக் கையால் தடவிப் பார்த்து, கடைசியில் மீட்டருக்கு வருவாள். ஆன்டெனாவுக்கு அனுப்புவதில் எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுகிற மீட்டர் அது. திரும்பி வருவது அதிகமானால் ரேடியோவின் குடல் எரிந்துபோகும். அந்த மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் சத்தத்தை ஆகாயத்துக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும், அந்த அலைவரிசையில் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து கெடுப்பது மரியாதையில்லை. ஆகவே முதலில், இங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உலகம் முழுக்க ரேடியோக்காரர்களுக்கு அது ஒரு வழக்கம்.

அதற்கென்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் உண்டு, அதை அவள் மனப்பாடமும் செய்திருந்தாள். ஆனால் முதல் நாள் மைக்கைக் கையில் பிடித்ததும் இங்கிலீஷ் தொண்டையிலேயே நின்றுகொண்டது, அழைத்தும் வரவில்லை. சரி போ என்று, பஸ்ஸில் காலி சீட்டைக் காட்டிக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இந்த அலையில ஆள் உண்டா?"

அந்த ஒரு சொல்லில்தான் கடலுக்குத் தடுமாற்றம். ஆகாயத்து அலைக்கும் தன் அலைக்கும் தமிழில் ஒரே பேர் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தது. இத்தனை தலைமுறையாகத் தன்மேல் ஏறி இறங்கியவர்களில் ஒருவர்கூட இப்படி ஒரு மரியாதைக் கேள்வி கேட்டதில்லையே என்று அப்படியே அடங்கி, எழுந்த அலையை மடக்கிக்கொண்டு, ஆறிய கஞ்சிபோல அசையாமல் கிடந்தது. கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மரியதங்கம் தன் காதுதான் அடைத்துவிட்டதென்று தலையைத் தட்டிப் பார்த்தாள். அலைக்கு அலை இடைவெளி பார்த்து வள்ளத்தை இறக்கக் காத்திருந்த ததேயுஸ், வள்ளக்காரன் எவனும் செய்வதைத்தான் செய்தான். ஏன் என்று கேட்காமல் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மேலே ஜெயசீலி மீட்டரைப் பார்த்து, திருகை முறுக்கி, மறுபடி பார்த்து, எல்லாம் சரி என்று நிமிர்ந்தபோது கடலும் எழுந்து பழையபடி தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

சோதனை நடக்கிற வரைக்கும் கடல் நிற்கும், சோதனை முடிந்தால் எழும் என்பது ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பிடிபட்டது. முள்ளந்துறை அலை லேசுப்பட்டதல்ல. ஆழ்கடலில் சாகாதவனும் கரைக்கு வரும்போது அந்தக் கடைசி அலையில் வள்ளம் கவிழ்ந்து சாவான், கல்லறைத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆகவே அதிசயம் என்று மூக்கில் விரல் வைத்து நிற்க யாருக்கும் நேரமில்லை. சாயங்காலச் சோதனைக்கு இறங்குவது, காலைச் சோதனைக்குக் கரையேறுவது என்று வள்ளங்கள் வரிசை போட்டன. பூசை நேரத்துக்குக் கீழே சோதனை நேரத்தையும் கோயில் பலகையில் எழுதினார்கள். "சோதனையில் விழாமல் காத்தருளும்" என்று ஜெபம் சொல்லும்போது இந்தச் சோதனை வேறு என்று ஃபாதர் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதாயிற்று. டவுனிலிருந்து கல்லூரி வாத்தியார் ஒருவர் வந்து, மாடியேறி, அழகான இங்கிலீஷில் அதே கேள்வியைக் கேட்டார். கடல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலை அரிக்காமல் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று ஊர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காக வந்த அதிகாரி, "உங்களுக்குத்தான் ஜெயசீலி இருக்காங்களே, வளைவு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துப் போனார்.

ரேடியோ பேச்சும் ஊருக்குள் இறங்கியது. ஒருவர் குரல் தெளிவாகவும் பலமாகவும் கேட்டால் ரேடியோக்காரர்கள் ஐந்து ஒன்பது என்று மார்க் போடுவார்கள், அதற்குமேல் மார்க் கிடையாது என்று ஜெயசீலி ஒருநாள் சொல்லப்போக, மீன் குழம்பு நன்றாக இருந்தால் அம்பத்தொம்பது, பொண்ணு அழகாக இருந்தால் அம்பத்தொம்பது, பிரசங்கம் சுருக்கமாக முடிந்தால் அதுவும் அம்பத்தொம்பது என்றாகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம் மரியதங்கத்தோடு வந்தது. மீட்டரைப் பார்த்து, "ஒண்ணும் திரும்பி வரல்ல, கொள்ளாம்!" என்று ஜெயசீலி சந்தோஷமாகக் கத்திய நாளில் மரியதங்கம் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள்.

"வாயைக் கழுவு பிள்ளே! ஆம்பளையெல்லாம் கடலுல கெடக்காவ, திரும்பி வரல்லையாம், கொள்ளாமாம்! யாரு காதுல விழணும்னு கத்துக?"

"எக்கா, நான் மீட்டரைச் சொன்னேன்."

"மீட்டருக்கும் நம்ம பாஷைதானே. கடலுக்கு நல்ல காது உண்டு, பாத்துப் பேசு."

அன்றிலிருந்து ஜெயசீலி, மீட்டரில் முள் அசையாமல் நின்றால் "நல்லா போவுது" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள்.

மரியதங்கத்தின் புருஷன் கிளீட்டஸ்தான் வள்ளச் சங்கத் தலைவன். வாய் கொஞ்சம் நீளம். "ஆள் உண்டா ஆள் உண்டான்னு தினம் கேக்கியே பிள்ளே, ஒரு நாளாவது எவனாவது உண்டுன்னு சொன்னானா?" என்று சந்தையில் எல்லோர் முன்னாலும் கேட்பான். சுருக்கென்று குத்தும். ஏனென்றால் அதுதான் உண்மை. லைசென்ஸ் வாங்கி இத்தனை நாளாகியும் ஜெயசீலி ஒரு ஆளோடுகூடப் பேசியதில்லை. கீழே வள்ளங்கள் வரிசையில் நிற்கும்போது சோதனையை அவசரமாக முடிக்க அவளுக்கு மனசு வராது. இன்னொரு திருகைப் பார்ப்பாள், இன்னொரு முனையைத் துடைப்பாள், கடைசி வள்ளம் கரையேறி இவள் கூப்பிடத் தொடங்கும்போது அந்த வேளைக்கான ஆகாயம் மூடியிருக்கும், தூரத்துக் குரல் எட்டாது. வெறும் இரைச்சல்தான் பதில் வரும். ஊரே தன்னால் உயிரோடு கரையேறுகிறது என்ற பெருமையில் அவளுக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றி வைக்கிற நேரத்தில், ஒரே ஒரு குரல், எந்த ஊர்க் குரலானாலும் சரி, உண்டு என்று ஒரு தரம் சொல்லிவிடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கிளீட்டஸ் ஒரு நாள் வேறொரு யோசனை சொன்னான். கல்யாணச் சாமான் ஏற்றிய வள்ளம் ஒன்று தாமதமாக வருகிறது, சோதனையைக் கொஞ்சம் இழுத்துவை, எல்லாம் சரியாக இருந்தாலும் சும்மா திருகிக்கொண்டிரு, கடலுக்கு என்ன தெரியப்போகிறது என்றான். ஜெயசீலி இறுகிக் கிடந்த திருகையே மறுபடி மறுபடி திருகினாள். கடலுக்குத் தெரிந்துவிட்டது. கரையில் நின்றவனை ஒரே அலையில் உருட்டி, வேட்டியை உருவிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் பார்க்க அவன் இடுப்பில் பனையோலையோடு வீடு போய்ச் சேர்ந்தான். நெஞ்சில் உள்ளபடிக்கே சந்தேகம் இருந்து சோதித்தால்தான் கடல் நிற்கும், கள்ளச் சோதனைக்கு நிற்காது என்று அன்றைக்கு ஊர் கற்றுக்கொண்டது.

இப்படியிருக்கும்போதுதான் அந்த ஞாயிறு வந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கென்றே நாடு முழுக்கப் பழைய ரேடியோக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிற நாள் அது. ஜெயசீலி ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டீங்க. அண்ணைக்கு ஒரு நாள் என் அலையை எனக்குத் தாங்க" என்றாள். அலை அவளுடையதுதானே, அதை நம்மிடம் கேட்கிறாளே என்று பலருக்குக் கண் கலங்கிப்போயிற்று. கிளீட்டஸே முதலில் கையைத் தூக்கினான். சனிக்கிழமை முழுக்க அவள் உட்கார்ந்து எல்லா முனைகளையும் புதிதாகப் பற்றவைத்தாள், கேபிளை மாற்றினாள், பேட்டரியை நிறைத்தாள். இனி இதில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். தூண்டிலுக்குப் போகிற சில வள்ளங்கள் சனி சாயங்காலம் இறங்கின. ததேயுஸும் போனான், கிளீட்டஸும் போனான்.

"பூசைக்கு முந்தி வந்திருவேன். நீ பேசுகதைக் கேக்க நான் பக்கத்துல இருக்கணும்" என்றான் ததேயுஸ்.

பூசைக்கு முந்தி அவர்கள் வரவில்லை, பூசைக்கு நடுவில் கள்ளக்கடல்தான் வந்தது. காற்றில்லை, மழையில்லை, நல்ல வெயில்; எங்கேயோ தெற்கே மூண்ட கோபத்தைக் கடல் இங்கே கொண்டுவந்து கொட்டியது. ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது கோயில் படியில் தண்ணீர் ஏறியது. ஊர் பாதிப் பூசையில் கரைக்கு ஓடியது. பனையுயர அலைகளுக்கு அந்தப்பக்கம், உள்ளே வரமுடியாமல் வள்ளங்கள் தத்தளித்துக்கொண்டிருந்தன. கடைசியில் இரண்டு வள்ளங்கள் ஒட்டினாற்போலக் கிடந்தன. கிளீட்டஸின் எஞ்சின் நின்றுபோயிருக்க, ததேயுஸ் கயிறு போட்டு அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

ஜெயசீலி மாடிக்கு ஏறினாள். ஹெட்ஃபோனைக் காதில் வைத்தாள். இத்தனை நாளும் கேட்காத தெளிவில் ஆகாயம் திறந்து கிடந்தது, யார் யாரோ சிரித்துப் பேசி யார் யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலியான ஓர் இடத்துக்குத் திருப்பினாள்.

"இந்த அலையில ஆள் உண்டா?"

கடல் முறுமுறுத்துக்கொண்டே படுத்தது. வள்ளங்கள் பாய்ந்தன. அவள் மீட்டரைப் பார்த்தாள், முள் அசையவில்லை. கேபிளைத் தொட்டாள், உறுதி. எர்த், உறுதி. எல்லாம் சரி. சரி என்று மனசுக்குப் பட்ட அந்த நிமிஷமே கடல் எழுந்துவிட்டது. இரண்டு வள்ளம் கரையேறியிருந்தது, மற்றவர்கள் எதிர்த்த அலையில் பின்னால் தள்ளப்பட்டார்கள்.

"என்ன பிள்ளே, அதுக்குள்ள முடிச்சிட்ட!" என்று கீழிருந்து கத்தினாள் மரியதங்கம்.

"எக்கா, எல்லாம் சரியா இருக்கு!" ஜெயசீலிக்கு அழுகை வந்தது. "ஒரு குறையும் இல்லக்கா, நான் என்ன செய்ய!"

மரியதங்கம் முந்தானையை இடுப்பில் செருகினாள். "குறையுள்ள சாமானுதானே வேணும்? எங்க வீட்டுல குறையில்லாத சாமானே கெடையாது!" என்று ஓடி, ஓடுமா ஓடாதா என்று அவளுக்கே தெரியாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஜெயசீலி அலையைக் கேட்டுவிட்டு மிக்ஸியைத் திறந்தாள். கடலுக்கு மிக்ஸி என்றும் ரேடியோ என்றும் பேதமில்லை, சந்தேகம் நிஜமாக இருந்தால் போதும், படுத்தது. ஒரு வள்ளம் ஏறியது. மிக்ஸி ஓடியது, கடல் எழுந்தது. அதற்குள் மாடிப்படி முழுக்க ஊர் நின்றுகொண்டிருந்தது. ஃபாதர் அங்கியோடே வந்து, வருஷக்கணக்காகக் கொரகொரக்கிற கோயில் மைக்கை நீட்டினார், ஒரு வள்ளம். எரியாத டார்ச், சுற்றாத ஃபேன், வெந்நீர் போடாத ஹீட்டர், முள் நகராத தராசு என்று கையிலிருந்து கைக்கு ஏறி வந்துகொண்டேயிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். முள்ளந்துறையில் பழுதாகிக் கிடந்த பொருளெல்லாம் அன்றைக்கு ஒரு தரம் கௌரவம் பெற்றது.

எல்லாம் தீர்ந்தது. கயிற்றில் கட்டிய அந்த இரண்டு வள்ளங்கள் மட்டும் பாக்கி. இழுத்து வருகிற வேகத்துக்கு ஒரு டார்ச் சோதனை போதாது, மைக் சோதனையும் போதாது. கொண்டுவர ஊரில் வேறு ஒன்றுமில்லை. மரியதங்கம் ஜெயசீலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயசீலி தன் ரேடியோவைப் பார்த்தாள். ஹெட்ஃபோனில் ஒரு பெரியவர் குரல், புதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, கூப்பிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, நேற்றுத் தன் கையாலேயே பற்றவைத்த ஆன்டெனா கம்பியை அடியோடு வெட்டினாள். ஹெட்ஃபோனில் அந்தப் பெரியவர் குரல் அறுந்தது.

போக வழியில்லை என்றால் அனுப்புவதெல்லாம் திரும்பித்தான் வரும், அதில் சந்தேகமில்லை. திரும்பி வருவதை இந்த ரேடியோ எவ்வளவு நேரம் தாங்கும்? அது அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த ரேடியோவைச் செய்தவனுக்கும் தெரியாது. கடலுக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் மைக்கை அழுத்தி, தொண்டை கிழிய, "இந்த அலையில ஆள் உண்டா?" என்று கேட்டதும் அது படுத்ததுபோல் என்றைக்கும் படுத்ததில்லை. நுரைகூட மூச்சு விடவில்லை. அந்த நிசப்தத்தில், கயிறு நனைந்து முறுகுகிற சத்தத்துக்கு நடுவில், கடலிலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

"உண்டு! நாங்க உண்டு பிள்ளே!"

மீட்டரின் முள் ஒரே எட்டில் மறுமுனைக்குப் போய் இடித்தது. ஜெயசீலி மைக்கை விடவில்லை.

"திரும்பி வருது!" என்று கத்தினாள். "எக்கா, எல்லாம் திரும்பி வருது!"

மரியதங்கம் இந்தத் தடவை வாயைக் கழுவச் சொல்லவில்லை. ரேடியோவின் முதுகில் சூடேறிற்று, கரிந்த வாடை வந்தது, ஓட்டைகளிலிருந்து புகை கிளம்பிற்று. வள்ளத்தின் அடி மணலில் உரசிய சத்தமும் ரேடியோ பட்டென்று வெடித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டது. பின்னால் எழுந்த அலை வெறும் கயிற்றைத்தான் நனைத்தது.

அவள் இறங்கி வந்தபோது கிளீட்டஸ் மணலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி, "கேட்டுச்சா பிள்ளே, நாங்க சொன்னது?" என்றான்.

ஜெயசீலி ததேயுஸின் நனைந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "அம்பத்தொம்பது அண்ணே" என்றாள். அதைக் கேட்ட ஊர் எழுப்பிய சத்தத்தில் அன்றைக்குக் கடல்தான் கொஞ்சம் பின்வாங்கியது என்று சொல்வார்கள். அதில் ஒரு அளவு கூடுதல் இருக்கலாம், பெருமையில் வருகிற கூடுதல்தான்.

ஊர் சேர்ந்து வேறு ரேடியோ வாங்கிக் கொடுத்தது, அதுவும் தினமும் சோதிக்கப்பட்டு, கடலும் தினமும் படுத்து எழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலை ஜெயசீலிக்கு என்று கோயில் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது அவள் பேசாத தேசம் குறைவு. ரேடியோக்காரர்கள் கூடினால் முதல் தொடர்பு எத்தனை தூரம் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது வழக்கம். ஒருவர் ஜப்பான் என்பார், ஒருவர் பிரேசில் என்பார், உங்களுக்கு எவ்வளவு தூரம் மேடம் என்று இவளைக் கேட்பார்கள்.

"கூப்பிடு தூரம்" என்பாள் ஜெயசீலி. அவர்கள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.